ஏழு ரோட்டுக் கணக்கு: ஒரு மலைச் சந்திப்பை நடப்பவர் பக்கம் நின்று படிப்போம்



சிவில் படிக்கிறவர்களுக்கு இந்த அட்டவணை பழக்கமானதுதான். சாலையில் போகிற ஒவ்வொரு வாகனத்துக்கும் 'கார் சமான எண்' ஒன்று உண்டு. கார் என்றால் 1, பைக் என்றால் அரை, பஸ், லாரி என்றால் 3. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ், அதாவது ஐ.ஆர்.சி., ஊர்ப்புறச் சாலைகளுக்குக் கொடுத்த பட்டியலில் தள்ளுவண்டிக்கு 3, குதிரை வண்டிக்கு 4, மாட்டு வண்டிக்கு 8 என்று கூட எண் இருக்கு. நடந்து போகிற ஆளுக்கு மட்டும் அந்தப் பட்டியலில் இடமே இல்லை.

நடப்பவரைத் தனியாக எண்ணுவதற்கு வேறு முறைகள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் ஒரு சந்திப்பை எடுத்ததும் நாம் முதலில் வண்டியைத்தான் எண்ணுகிறோம். ஆளை எண்ணுவது கடைசியில், அதுவும் நேரம் மிஞ்சினால்.

இப்போது இன்னொரு எண். 2022ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நடந்து போனவர்கள் 32,825 பேர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு இது. நாளுக்குச் சராசரியாக 90 பேர் என்று வருகிறது.

அதனால இந்த இதழில் ஒரு சந்திப்பை நடப்பவர் பக்கம் நின்று படிப்போம். எடுத்துக்கொள்ளும் இடம் கொடைக்கானல் ஏழு ரோடு. கால்குலேட்டர் ஒன்று பக்கத்தில் வச்சுக்கங்க. பெரிய கணிதம் எதுவும் இல்லை, பெருக்கலும் வகுத்தலும் போதும்.

ஏன் ஏழு ரோடு?

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். 1845ல் அமெரிக்க மிஷனரிகள் வந்து தங்கியதில் தொடங்கியது இன்றைய ஊரின் வளர்ச்சி. ஏரி 1863ல் உருவானது. மோட்டார் போகிற காட் ரோடு வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் பெரியகுளம் பக்கமிருந்து நடந்தும், குதிரையிலும், டோலியிலும்தான் மேலே வந்தார்கள். 1872ல் போட்ட கோக்கர்ஸ் வாக் இன்றும் இருக்கு. சுமார் ஒரு கிலோமீட்டர் நீளம், நடப்பவருக்கு மட்டுமேயான பாதை. மோட்டார் வருவதற்கு முன்னாடியே நடைபாதை போட்ட ஊர் இது!

அந்த ஊரின் நடுவில் இருக்கு ஏழு ரோடு. பேருந்து நிலையம், ஏரி, பி.டி. ரோட்டு சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் நடந்து போகிற தூரத்தில். கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூலின் முகவரியே ஏழு ரோடு சந்திப்புதான். ஆகவே இங்கே நடப்பவர்கள் பல வகை. பள்ளிப் பிள்ளைகள், சந்தைக்கு வரும் மலைக் கிராமத்து மக்கள், கேமராவைப் பார்த்துக்கொண்டே நடக்கிற சுற்றுலாக்காரர்கள், கைக்குழந்தைக்காரர்கள், முட்டி வலியோடு ஏற்றம் ஏறுகிற பெரியவர்கள்.

வண்டிகளுக்கு ஏற்கனவே ஒரு கட்டுப்பாடு வந்தாச்சு. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ். 2025 ஏப்ரல் தொடங்கி சீசனுக்கு உச்சவரம்பும் வைத்தார்கள். கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி. உள்ளூர் வண்டிக்கும் அரசுப் பேருந்துக்கும் விலக்கு.

நல்ல நடவடிக்கைதான். ஆனால் நம்ம பாடத்துக்கு இரண்டு விஷயம் கவனிக்கணும்.

ஒன்று, உச்சவரம்பு என்பது ஊருக்குள் நுழைகிற வண்டியின் எண்ணிக்கை. உள்ளே வந்த வண்டி ஏரிக்கு ஒருமுறை, சாப்பாட்டுக்கு ஒருமுறை, அறைக்கு ஒருமுறை என்று அதே சந்திப்பைப் பலமுறை கடக்கும்.

இரண்டு, வண்டியில் வந்தவர் இறங்கினால் அவரும் நடப்பவர்தான். ஒரு வண்டிக்கு நாலு பேர் என்று வச்சுக்குவோம். 6,000 வண்டி என்றால் 24,000 பேர். 2011 மக்கள்தொகைக் கணக்கில் கொடைக்கானல் ஊரில் இருந்ததே 36,501 பேர். ஊரில் மூன்றில் இரண்டு பங்கு ஜனம் ஒரே நாளில் புதிதாக வந்து, வழி தெரியாமல், அதே ரோட்டில் நடக்கிறது.

வண்டியைக் குறைப்பது பாதி வேலை. மீதிப் பாதி, சந்திப்பின் வடிவத்தில் இருக்கு.

முதல் கணக்கு: உங்க பாதையை எத்தனை முறை வெட்டுகிறார்கள்?

சந்திப்பு ஒன்றை ஆராய 'மோதல் புள்ளி' என்று ஒரு கருத்து உண்டு. இரண்டு பேர் போகிற பாதைகள் ஒன்றை ஒன்று வெட்டும் இடம்தான் மோதல் புள்ளி. அங்கே மோதல் நடந்தே தீரும் என்று அர்த்தமில்லை. நடந்தால் அங்கேதான் நடக்கும், அவ்வளவுதான்.

ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வண்டி போவதை ஒரு 'நகர்வு' என்போம். ஒவ்வொரு கையின் வாயிலிலும் ஒரு ஜீப்ரா கிராசிங் இருப்பதாக வச்சுக்கங்க. ஒரு நகர்வு, தான் உள்ளே வரும் கையில் ஒரு கிராசிங்கையும், வெளியேறும் கையில் ஒரு கிராசிங்கையும் வெட்டும். ஆக, ஒவ்வொரு நகர்வுக்கும் நடப்பவரோடு இரண்டு மோதல் புள்ளி.

சூத்திரம் இவ்வளவுதான்: நடப்பவர் மோதல் புள்ளி = 2 × நகர்வுகள்.

நாலு ரோடு சந்திப்பில் ஒவ்வொரு கையிலிருந்தும் மற்ற மூன்றுக்குப் போகலாம். நகர்வுகள் 4 × 3 = 12, மோதல் புள்ளி 24. பாடப்புத்தகத்திலும் இதே 24தான். மூன்று ரோடு என்றால் 3 × 2 = 6 நகர்வு, 12 புள்ளி.

இப்போ ஏழு ரோடு. எல்லாக் கைகளும் இருவழி என்று தாளில் வைத்துப் பார்த்தால் நகர்வுகள் 7 × 6 = 42. மோதல் புள்ளி 84.

நாலு ரோட்டை விட மூணு கைதான் கூட. ஆனால் ஆபத்துப் புள்ளி மூன்றரை மடங்கு. கைகளின் எண்ணிக்கை கூட்டலில் ஏறும்போது மோதல் பெருக்கலில் ஏறுகிறது. 'ஜனங்க ஒழுங்கா கிராஸ் பண்றதில்லை' என்று சொல்லும் முன் இந்த 84 என்ற எண்ணை நினைச்சுப் பாருங்க. எந்தக் கையில் நின்றாலும், உங்கள் முன்னால் ஆறு திசையிலிருந்து வண்டி வந்து சேரலாம், ஆறு திசைக்குப் பிரிந்து போகலாம். எந்தக் கண்ணுக்கு அத்தனையும் பிடிபடும்?

நல்ல சேதி என்னவென்றால், பெருக்கலில் ஏறியது பெருக்கலிலேயே இறங்கும். இரண்டு கைகளை உள்ளே வர மட்டும், இரண்டு கைகளை வெளியே போக மட்டும் என்று ஒருவழி ஆக்கினால்? உள்ளே வரும் கைகள் 5, வெளியேறும் கைகள் 5. 25 இணைகளில், இருவழியாக இருக்கும் 3 கைகளின் சுயத் திருப்பத்தைக் கழித்தால் 22 நகர்வு. மோதல் புள்ளி 44. கிட்டத்தட்ட பாதி! ஒரு செங்கல் கூட வைக்கவில்லை.

இரண்டு சின்னக் கைகளைச் சந்திப்புக்கு முன்பே பக்கத்து ரோட்டோடு சேர்த்துவிட்டு, அஞ்சு கையாக்கினால் 5 × 4 = 20 நகர்வு, 40 புள்ளி. நடுவில் சின்ன ரவுண்டானா வைத்தால் ஒவ்வொரு கையிலும் வரும் ஓட்டம் ஒன்று, போகும் ஓட்டம் ஒன்று. ஏழு கைக்கும் சேர்த்து 14. ரவுண்டானாவில் வண்டிகளின் எண்ணிக்கை குறைவதில்லை. ஆனால் நடப்பவர் ஒரு நேரத்தில் ஒரு திசையைப் பார்த்தால் போதும், வண்டியும் வளைந்து வருவதால் மெதுவாக வரும். அதுதான் லாபம். மலை ஊரில் ரவுண்டானாவுக்கு இடம் கிடைப்பதுதான் கஷ்டம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஒருவழி ஆக்கினால் எதிரே வண்டி வராது என்ற தைரியத்தில் வேகம் கூடும். மோதல் புள்ளியைக் குறைத்துவிட்டு வேகத்தை ஏற்றினால் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கியது போலத்தான். அதனால் அடுத்த கணக்கு வேகம்.

இரண்டாம் கணக்கு: நிற்க எத்தனை மீட்டர் வேணும்?

ஓட்டுநர் உங்களைப் பார்த்ததிலிருந்து வண்டி நிற்கும் வரை ஓடுகிற தூரம் இரண்டு துண்டு. பார்த்து, புரிந்து, பிரேக்கை மிதிக்கும் வரை ஓடும் தூரம் முதல் துண்டு. இதற்கு ஐ.ஆர்.சி. எடுத்துக்கொள்ளும் நேரம் 2.5 நொடி. பிரேக் பிடித்த பிறகு சறுக்கி நிற்கும் தூரம் இரண்டாம் துண்டு. அதற்கான சூத்திரம்: வேகத்தின் வர்க்கம் ÷ [2 × 9.81 × (உராய்வு − சரிவு)]. இறக்கத்தில் வரும்போது சரிவைக் கழிக்கணும் என்பதுதான் மலைக்கான பாடம்.

சமதளம், காய்ந்த ரோடு, உராய்வு 0.40 என்று வைத்தால் நிற்கும் தூரம்:
மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் 18 மீட்டர்.
30 கி.மீ. வேகத்தில் 30 மீட்டர்.
40 கி.மீ. வேகத்தில் 44 மீட்டர்.

இதையே 7 சதவீத இறக்கம், மழை நனைத்த ரோடு, உராய்வு 0.25 என்று மாற்றுங்க:
20 கி.மீ. வேகத்தில் 23 மீட்டர்.
30 கி.மீ. வேகத்தில் 40 மீட்டர்.
40 கி.மீ. வேகத்தில் 63 மீட்டர்.

திண்டுக்கல்லிலோ மதுரையிலோ ஓட்டிப் பழகியவர் காலில் இருப்பது முதல் பட்டியல். கொடைக்கானல் மழையில் அவருக்குத் தேவை இரண்டாம் பட்டியல். 40 கி.மீ. வேகத்தில் இரண்டுக்கும் நடுவில் 19 மீட்டர். அந்த 19 மீட்டருக்குள் ஒரு ஆள் நின்றால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அடுத்து பனி. மேகம் ரோட்டில் இறங்கிவிட்டால் முன்னால் போகிற வண்டியின் பின்விளக்குதான் தெரியும். 30 மீட்டர்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்று வைத்து அதே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால், நனைந்த இறக்கத்தில் பாதுகாப்பான வேகம் சுமார் 24 கி.மீ. பார்வை 20 மீட்டர் என்றால் 18 கி.மீ. 'மெதுவாகச் செல்லவும்' என்று போர்டு வைக்கிறோமே, அந்த 'மெதுவாக' என்பது எத்தனை என்று இப்போ உங்களுக்குத் தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஒரு விகிதமும் சேர்த்துக்கங்க. சராசரி வேகம் 1 சதவீதம் ஏறினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு சுமார் 4 சதவீதம் ஏறும். அதைத் திருப்பியும் படிக்கலாம். கொஞ்சம் குறைத்தால் நிறையக் கிடைக்கும்.

ஏற்றத்தில் வருகிற வண்டிக்கு வேற பிரச்சினை. நின்றால் மறுபடி ஹாஃப் கிளட்ச்சில் எடுக்கணும், பின்னால் உருளும் என்ற பயம். அதனால்தான் ஏற்றத்தில் வருகிறவர் கிராசிங்கில் ஆளைப் பார்த்தாலும் நிறுத்த யோசிக்கிறார். அவரைத் திட்டுவதை விட, வண்டி நிற்க வேண்டிய கோட்டைச் சரிவு குறைந்த இடத்துக்கு நகர்த்துவது நல்ல வடிவமைப்பு.

மூன்றாம் கணக்கு: ரோட்டில் எத்தனை நொடி?

நடை வேகத்தை நொடிக்கு 1.2 மீட்டர் என்று எடுத்துக்கொண்டு சிக்னல் நேரம் போடுவார்கள். இது திடமான ஆளுக்கு. ஏற்றம் ஏறி மூச்சு வாங்குகிற பெரியவருக்கு 0.8 என்று வைப்போம்.

7 மீட்டர் அகல ரோடு: இளைஞருக்குச் சுமார் 6 நொடி, பெரியவருக்குச் சுமார் 9 நொடி.

ஆனால் சந்திப்பின் வாயில் புனல் மாதிரி விரிந்திருக்கும். பஸ் திரும்ப வசதியாக ஓரத்தை வளைத்துச் செதுக்கியிருப்போம். அங்கே அகலம் 14 மீட்டர் ஆகிவிட்டால் இளைஞருக்கு 12 நொடி, பெரியவருக்கு 17.5 நொடி. மணிக்கு 600 வண்டி போகிற ரோட்டில் சராசரியாக 6 நொடிக்கு ஒரு வண்டி. பெரியவர் கடந்து முடிப்பதற்குள் மூணு வண்டி அவரைச் சந்திக்கும்.

வளைவை அகலமாக்குவதால் இரட்டை நஷ்டம். நடப்பவர் அதிக நேரம் ரோட்டில் நிற்கிறார், வண்டியும் வளைவில் வேகம் குறைக்காமல் திரும்புகிறது. மூலையை ரோட்டுப் பக்கம் கொஞ்சம் நீட்டி, வளைவை இறுக்கினால் இரண்டும் ஒரே அடியில் சரியாகும். முதலில் அந்தக் கையில் பெரிய பஸ் திரும்பியே ஆகணுமா என்று பார்க்கணும். திரும்ப வேண்டாத கைகளில் இறுக்கிவிடலாம்.

மூலையில் நிறுத்தும் வண்டியும் இதே கணக்குதான். ஓரத்தில் ஒரு வேன் நின்றால் நடப்பவர் அதைத் தாண்டி ரோட்டுக்கு வந்த பிறகுதான் வண்டி தெரியும். வண்டிக்காரருக்கும் அப்போதுதான் ஆள் தெரியும். குழந்தை என்றால் அப்பவும் தெரியாது.

விதி சொல்லும் எண்ணும் அதன் ஓட்டையும்

சரி, ஒரு இடத்தில் கட்டுப்பாட்டோடு கூடிய கிராசிங் வேணுமா வேண்டாமா என்று எப்படி முடிவு செய்வது? பிரிட்டனில் பிறந்து நம்ம ஐ.ஆர்.சி. ஆவணத்துக்கும் வந்த ஒரு விதி உண்டு. நெரிசல் மணியில் கடக்கும் ஆட்கள் × வாகன எண்ணிக்கையின் வர்க்கம். நடுத்தடுப்பு இல்லாத ரோட்டில் இது 10 கோடியைத் தாண்டினால் கிராசிங்குக்குத் தகுதி.

300 பேர், 600 வண்டி என்று போடுங்க. 300 × 3,60,000 = 10.8 கோடி. தகுதி உண்டு.

இப்போ ஓட்டையைப் பாருங்க. அந்த இடம் பயமாக இருப்பதால் 100 பேர் சுற்றி வேறு வழியில் போகிறார்கள் என்றால் 200 × 3,60,000 = 7.2 கோடி. தகுதி போச்சு! எவ்வளவு ஆபத்தோ அவ்வளவுக்கு ஆட்கள் குறைவு, ஆட்கள் குறைந்தால் கிராசிங்கும் கிடையாது. இன்னொன்று, சீசனில் வண்டிகள் முட்டிக்கொண்டு நகராமல் நின்றால் ஒரு மணியில் கடக்கும் வண்டி 500 ஆகக் குறையும். 300 × 2,50,000 = 7.5 கோடி. நெரிசல் முற்றினால் தாளில் பிரச்சினை தீர்ந்துவிடும்.

'கறுப்புப் புள்ளி' என்ற விபத்து இடத்தின் வரையறையும் இப்படித்தான். தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள், 3 ஆண்டில், உயிரிழப்போ பலத்த காயமோ உண்டான 5 விபத்து நடக்கணும், இல்லை 10 பேர் இறக்கணும். அப்போதுதான் அது கறுப்புப் புள்ளி. வேகமாகப் போகிற நெடுஞ்சாலைக்கு இந்த அளவுகோல் உதவும். மெதுவாக ஊர்கிற மலை ஊர்ச் சந்திப்பில் பெரும்பாலும் கால் நசுங்கும், இடுப்பு எலும்பு முறியும், பெரியவர் அதன் பிறகு வீட்டை விட்டு வெளியே வரமாட்டார். அந்தக் காயங்களில் எத்தனை போலீஸ் நிலையம் வரை போகும்?

ஆள் சாகும் வரை காத்திருக்காத முறை வேணும். அதற்குப் பிறகு வருவோம்.

எதைச் செய்யலாம், எதை வேண்டாம்

மேம்பாலம் கட்டலாமே என்று உடனே ஒருவர் கேட்பார். கணக்குப் போடுங்க. கீழே பஸ், லாரி போக 5.5 மீட்டர் உயரம் விட்டால், 15 செ.மீ. படியாக ஏற 37 படி, இறங்க 37 படி. ஏற்கனவே ஏற்ற இறக்கமான ஊரில், 7 மீட்டர் ரோட்டைக் கடக்க 74 படி! முட்டி வலிக்காரரும், குழந்தையைத் தூக்கியவரும், சக்கர நாற்காலிக்காரரும் அதைத் தொடமாட்டார்கள். அப்புறம் 'பாலம் கட்டியும் ஜனங்க ஏறலை' என்று பழி அவர்கள் மேலேயே விழும். மலைச்சரிவில் இரண்டு பக்கமும் இயற்கையாகவே உயரமாக இருந்து பாலம் நேராகப் போய்ச் சேர்ந்தால் மட்டும் அது வேறு கதை.

செய்யக்கூடியவற்றைச் செலவு வரிசையில் வைக்கிறேன்.

1. சுண்ணாம்பும் கூம்பும். எந்தக் கையை ஒருவழி ஆக்குவது, எந்த மூலையை நீட்டுவது என்பதை முதலில் பெயின்ட் கோடு, பிளாஸ்டிக் கூம்பு, மணல் டிரம் வைத்து ஒரு வார இறுதி சோதித்துப் பார்க்கலாம். சரியில்லை என்றால் திங்கட்கிழமை எடுத்துவிடலாம்.

2. கிராசிங் நடப்பவர் இயல்பாகக் கடக்கிற கோட்டில் இருக்கணும். மூலையிலிருந்து தள்ளி 40 மீட்டர் நடக்க வைத்தால் யாரும் போகமாட்டார்கள். பஸ் நிற்கும் இடம் கிராசிங்கைத் தாண்டி இருக்கணும். இறங்கியவர் பஸ்ஸுக்குப் பின்னால் கடப்பார், மறைவிலிருந்து முன்னால் பாயமாட்டார்.

3. தொடர்ச்சியான நடைபாதை. ஐ.ஆர்.சி. 103 சொல்வது தடையில்லாத குறைந்தபட்ச அகலம் 1.8 மீட்டர், தலைக்கு மேல் 2.2 மீட்டர், ஓரக்கல் உயரம் 15 செ.மீ.க்கு மேல் கூடாது. மலை ரோட்டில் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். மிஞ்சுவது பாறை ஓரத்து மழைநீர் வாய்க்கால்தான். அதன் மேல் நல்ல சிலாப் போட்டு மூடினால் அதுவே நடைபாதை. தண்ணீர் இறங்க இடைவெளி விடணும், அந்த இடைவெளியில் கைத்தடி மாட்டக் கூடாது.

4. உயர்த்திய கிராசிங். ரோட்டையே நடைபாதை மட்டத்துக்கு மேடையாக்குவது. வேகமும் குறையும், படி இறங்கும் தொல்லையும் இல்லை. ஆனால் சரிவில் இதைக் கட்டினால் மேல்பக்கம் மழைநீர் தேங்கும். ஐப்பசி கார்த்திகை மழையை மனசில் வைத்துக் குழாய் வழி விட்டுத்தான் கட்டணும். இறக்கத்தின் நடுவில் திடீரென்று வைக்கவும் கூடாது, முன்கூட்டியே தெரியணும்.

5. வெளிச்சம். விளக்கைக் கிராசிங்குக்கு நேர் மேலே வைப்பதை விட, வண்டி வரும் பக்கம் கொஞ்சம் முன்னால் வைத்தால் ஆளின் முகத்தில் வெளிச்சம் விழும். இல்லாவிட்டால் நிழல் உருவம்தான் தெரியும். பனி நாளில் ரோட்டில் பதித்த பிரதிபலிப்பான்கள் கோட்டை விட நன்றாகத் தெரியும்.

இதில் கடைக்காரர்களை மறக்கக் கூடாது. சோளம், பிளம்ஸ், ஸ்வெட்டர் விற்கிறவர்கள் நடைபாதையில் இருப்பது, அங்கேதான் வாங்குகிறவர்கள் நடப்பதால். 2014 சாலையோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு விற்பனைக் குழு மூலம் இடம் ஒதுக்கச் சொல்கிறது. வரைபடத்தில் அவர்களுக்கும் கட்டம் போடுங்க. போடாத கட்டம் நடைபாதைக்கு நடுவில் வந்து நிற்கும்.

'வண்டியை நிறுத்தினால் வியாபாரம் படுத்துடும்' என்ற பயம் எல்லா ஊரிலும் வரும். சென்னை பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகலமான நடைபாதை வளாகம் திறந்தார்கள். இதே மலைத்தொடரின் அடிவாரத்தில், பழனி கிரிவலப் பாதையில் 2024ல் உயர்நீதிமன்ற உத்தரவை ஒட்டித் தனியார் வாகனங்களைத் தடுத்தார்கள். பக்தர்களுக்கு பேட்டரி வாகனம் விட்டார்கள். நடப்பவருக்கு இடம் கொடுப்பது நம்ம பக்கத்து ஊரிலேயே நடந்த காரியம்தான்.

உங்களுக்கு ஒரு வார இறுதி வேலை

கொடைக்கானல் போகணும் என்று இல்லை. கல்லூரி வாசலில் இருக்கும் சந்திப்பே போதும். நாலு பேர், ஒரு டேப், இரண்டு செல்போன்.

முதலில் சந்திப்பை வரைந்து எந்தக் கை எந்த வழி என்று குறியுங்க. நகர்வுகளை எண்ணி இரண்டால் பெருக்குங்க. உங்க ஊரின் மோதல் எண் கிடைச்சாச்சு.

இரண்டாவது, 15 நிமிடத் துண்டுகளாக ஆட்களையும் வண்டிகளையும் எண்ணுங்க. பெரியவர், குழந்தை, சுமை தூக்கியவர் என்று தனிக் கோடு போடுங்க. ஆட்கள் உண்மையில் நடந்த கோட்டையும் வரைபடத்தில் வரையுங்க. நூறு பேரின் கோடு ஒன்றன் மேல் ஒன்று விழுந்தால், கிராசிங் எங்கே வேணும் என்பதை அவர்களே வரைந்து கொடுத்துவிட்டார்கள்.

மூன்றாவது, 30 மீட்டர் இடைவெளியில் இரண்டு குறி வைத்து வண்டி கடக்கும் நொடியை எடுங்க. 3.6 நொடி என்றால் மணிக்கு 30 கி.மீ. அதை விடக் குறைந்தால் வேகம் அதிகம்.

நாலாவதுதான் முக்கியம். காத்திருக்காத முறை என்று சொன்னேனே, அது. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் வளர்த்த யோசனை: விபத்தை எண்ணாதே, மயிரிழையில் தப்பியதை எண்ணு. எளிய வடிவம் சொல்றேன். ஆள் ஒரு புள்ளியை விட்டு நகர்ந்த நொடிக்கும், வண்டி அதே புள்ளிக்கு வந்த நொடிக்கும் உள்ள இடைவெளியை வீடியோவில் அளங்க. 1.5 நொடிக்குக் கீழ் என்றால் அது ஆபத்தான சந்திப்பு என்று ஆய்வுகளில் பரவலாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு வார இறுதியில் எத்தனை தடவை அப்படி வருகிறது என்று பாருங்க. கூம்பு வைத்த பிறகு மறுபடி எண்ணுங்க. எண் இறங்கினால் உங்க வடிவமைப்பு வேலை செய்கிறது. யாரும் சாகாமலேயே அது உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

வீடியோவில் முகமும் வண்டி எண்ணும் பதியும், அதனால் எண்ணி முடித்ததும் அழித்துவிடுங்க. பதிவு எடுக்கும் முன் போக்குவரத்து போலீசிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்க.

பொறுப்பு யாருடையது?

கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012ல் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். முறிந்த எலும்புகளை ஒட்டவைக்கும் ஒருவர், எலும்பு முறியாமலே இருக்க வழி கேட்டார் என்று வைத்துக்கங்க. அந்த வழக்கில்தான் 2025 மே 14 அன்று நீதிமன்றம் சொன்னது, நல்ல நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்று.

இன்னொரு சட்டப் பிரிவு நம்மை நேராகத் தொடும். 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் வந்த 198ஏ. சாலையின் வடிவமைப்பிலோ கட்டுமானத்திலோ பராமரிப்பிலோ விதிக்கப்பட்ட தரத்தைப் பின்பற்றாமல், அதனால் உயிரோ உடலோ போனால், பொறுப்பான அதிகார அமைப்புக்கும், ஒப்பந்ததாரருக்கும், ஆலோசகருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆலோசகர் என்றால் யார்? இன்னும் சில வருஷத்தில் நீங்களும் நானும்தான்.

'கவனமாக நடக்கணும்' என்று நடப்பவருக்குச் சொல்வதில் தப்பில்லை. ஆனால் கவனம் தவறுவது மனுஷ சுபாவம். எட்டு வயசுப் பிள்ளை ஓடும், எழுபது வயசுக் காது கேட்காது, ஊருக்குப் புதுசாக வந்தவர் மேகத்தைப் பார்ப்பார். ஒரு நொடி கவனம் தவறியதற்கு உயிரைக் கொடுக்க வேண்டியதில்லாத சந்திப்பை வரைவதுதான் நம்ம தொழில். 84ஐ 44 ஆக்க முடியும், 40 கி.மீ.யை 20 ஆக்க முடியும், 17 நொடியை 9 ஆக்க முடியும். மூன்றும் பேனாவும் ஸ்கேலும் எட்டுகிற தூரத்தில்தான் இருக்கு.

உங்க சந்திப்பின் மோதல் எண் எத்தனை வந்தது? வரைபடத்தோடு இதழுக்கு அனுப்புங்க. அடுத்த இதழில் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்ப்போம்.